விளக்கு வைத்தபின் நகம் வெட்டுதல்

லீமோஜுக்கு வெளியே, கடைசிப் பேருந்து திரும்பும் இடத்துக்கும் அப்பால்
ஒரு மிருகக்காட்சிப் பூங்கா.
இரவுக் காவல் எனக்கு.
கரடி இருமினால் தெரியும்.
ஓநாய் வேலியோரம் நடந்தால் தெரியும்.
ஜோசெட் மூச்சுவிட்டால்
யாரோ பழைய லாரியை மேட்டில் ஏற்றுவதுபோல் இருக்கும்.

நவம்பரில் பக்கத்து மாவட்டத்துப் பூங்காவில்
வேலியை அறுத்து உள்ளே போனவர்கள்
ஓர் ஆண் காண்டாமிருகத்தைச் சுட்டுவிட்டு
முகத்தோடு கொம்பைப் பெயர்த்துப் போனார்கள்.
காவலாளி தூங்கிவிட்டானாம்.
இதைச் சொன்னபோது கூட்டத்தில் எல்லோரும்
ஏன் என்னைப் பார்த்தார்கள் என்று தெரியவில்லை.

கூடிக் கூடிப் பேசி, கடைசியில் முடிவு இதுதான்:
அவர்கள் எடுக்குமுன் நாமே எடுத்துவிடுவோம்.

ஊருக்குத் தெரியாமல் இரவு பத்தரைக்கு.
மருத்துவர் அனூக் பெர்த்தியே, உதவிக்கு இருவர்,
சாட்சிக்கு ஒரு ஜான்டார்ம்,
டார்ச் பிடிக்க நான்.
ஊசி பட்ட ஏழாவது நிமிடம் தள்ளாடினாள்.
அகலமான சோபாவை மாடிப்படியில் இறக்குவதுபோல்
அப்படி இப்படி என்று கத்திக்கொண்டே சாய்த்தோம்.
கண்ணுக்கு நீலத் துண்டு.
காதில் அடைக்கத் துணி போதவில்லை,
என் கம்பளிக் காலுறைகள் இரண்டும் போயின.

எங்களூரில் எவனாவது துள்ளினால்
உனக்கென்ன தலையில் கொம்பா முளைத்திருக்கு என்பார்கள்.
முளைத்திருந்தால் என்ன ஆகும் என்று
அன்றைக்குத்தான் பார்த்தேன்.

ரம்பம் ஓடியது. முடி கருகும் வாடை.
வலிக்காது, வெறும் நகம், என்றார் மருத்துவர்.
உன் விரலில் இருப்பதும் இதே சரக்குதான்.
விளக்கு வைத்தபின் நகம் வெட்டினால்
மூதேவி வீட்டுக்குள் வருவாள்.
இதை ஜான்டார்முக்கு எந்த பிரெஞ்சில் சொல்வது?
டார்ச்சை ஆடாமல் பிடித்துக்கொண்டேன்.

முன்கொம்பு இரண்டு கிலோ தொள்ளாயிரம்.
பின்கொம்பு எழுநூறு கிராம்.
தார்ப்பாயில் விழுந்த தூள் நூற்றுப்பத்து.
தங்கத்தைவிட விலை என்று சொல்லிக்கொண்டே
தூரிகையால் கூட்டினார்கள்.
என் காற்சட்டை மடிப்பையும் உதறச் சொன்னான் ஜான்டார்ம்.
உதறினேன்.
அதையும் நிறுத்தார்கள்.

எழுந்தவள் வழக்கமான தூணில் உரசப் போய்
முதலில் காற்றை உரசினாள்.
நின்றாள்.
இன்னும் ஒரு சாண் முன்னே வந்தாள்.

மூன்று மணிக்கு எல்லோரும் போய்விட்டார்கள்.
தூக்கம் வராமலிருக்க என்னிடம் ஒரு நோட்டு உண்டு,
அதில் தமிழில் கிறுக்குவேன்.
கொம்பு என்று எழுதப் போனால்
தாளில் முதலில் விழுவது ஒற்றைக்கொம்பு.
அதை அடித்தால் காம்பு;
பூவைக் கிள்ளியபின் செடியில் மிஞ்சுவது.
அடுத்து, கொலை என்று எழுதி
அதன் கொம்பையும் அடித்தேன்.
காலை.

கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
பிறகு பக்கத்துப் பூங்காக்காரன் நினைவு வந்தது.
அவனுக்கும் கொம்பை எடுத்தார்கள்தான்.
சுட்ட பிறகு.
எது முன், எது பின் என்பதை
அடித்த எழுத்து சொல்வதில்லை.

இரண்டு வருடத்தில் மறுபடி வளருமாம்.
மறுபடி ரம்பம், மறுபடி தராசு.
ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் வந்து கேட்பார்கள்,
அதற்கு நிர்வாகம் ஒரு பலகை எழுதுகிறது.

ஆறே காலுக்கு முதல் பேருந்து.
பூட்ஸுக்குள் வெறுங்கால் சில்லிட்டது.
கம்பியைப் பிடித்த கையில் கண்டேன்,
கட்டைவிரல் நக இடுக்கில் சாம்பல் நிறத்தில் ஒரு கோடு:
என் நகத்துக்குள் அவள் நகம்.
தராசுக்குத் தப்பியது.
எத்தனை யூரோ பெறுமோ.

வீட்டில் குழாயைத் திறந்தேன்.
சோப்பு போட்டு இரண்டு முறை.